சாப்பிட மறுக்கும் பிள்ளைக்கு ஹிப்னோதெரபியா, வீட்டார் கூட உட்காரும் சிகிச்சையா?

என் மகளுக்கு அனோரெக்ஸியா நெர்வோசா, அதாவது பருத்துவிடுவோம் என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் நோய் என்று டாக்டர் சொன்ன பிறகு எங்கள் முன்னால் இரண்டு வழி இருந்தது. என் மைனி சொன்னது ஹிப்னோதெரபி; அவர்களுக்குத் தெரிந்த ஒரு பையனுக்குப் பரீட்சைப் பயம் அதில்தான் போனதாம். மனநல டாக்டர் சொன்னது குடும்பம் சார்ந்த சிகிச்சை, சுருக்கமாக எஃப்பிடி. நாங்கள் எடுத்தது இரண்டாவது. இப்போது யாராவது கேட்டாலும் அதைத்தான் முதலில் சொல்வேன், அதற்காக ஹிப்னோதெரபியை முழுசாகத் தள்ளவும் மாட்டேன்.

தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் கவுன்சலிங் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அதுக்கு மேலே போகணும் என்றால் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் 70 கிலோமீட்டருக்குள்தான். ஹிப்னோதெரபியில் கைக்காசு அதிகம் போகும், எஃப்பிடியில் வீட்டாரின் நேரம் போகும். சரி, இதை வைத்து யாரும் முடிவெடுக்கப் போவதில்லை.

ஹிப்னோதெரபியில் பிள்ளையைத் தூங்க வைத்து எதையும் செய்துவிடுவதில்லை. கவனத்தை ஒரே இடத்தில் குவித்து, உடம்பைத் தளர்த்தி, அந்த நிலையில் சில யோசனைகளையும் காட்சிகளையும் மனதுக்குள் கொண்டு வருகிறார்கள். பெரியவர்களைவிடப் பிள்ளைகள் எளிதாக அந்த நிலைக்குப் போவார்கள். ஊசி போடும்போது வரும் வலி, பதற்றம், ஐபிஎஸ் என்கிற குடல் தொந்தரவு, இதற்கெல்லாம் இது உதவுகிறது என்று நல்ல ஆய்வுகளே இருக்கின்றன. சாப்பிடாமல் இருக்கும் நோய்க்கு இதைப் பயன்படுத்துவதும் புதிது கிடையாது, பிரான்சின் மனநல மருத்துவர் பியர் ஜானே நூறு வருஷத்துக்கு முன்பே செய்திருக்கிறார். ஆக, மைனி சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

ஆனால் ஹிப்னாடிசம் பலிக்கணும் என்றால் எதிரே உட்கார்ந்திருப்பவர் அதை விரும்ப வேண்டும், பிடியைக் கொஞ்சம் விட வேண்டும். பரீட்சைப் பயம் உள்ள பையன் அந்தப் பயம் போனால் போதும் என்று ஏங்குகிறான். அனோரெக்ஸியா உள்ள பிள்ளைக்கோ பிடியை விடுவதுதான் உலகத்திலேயே பெரிய பயம், தனக்கு நோய் இருக்கிறது என்றே பல பேர் ஒத்துக்கொள்வதில்லை. 1985-ல் பெட்டினாட்டி என்பவரும் அவருடைய குழுவும் அளந்து பார்த்தபோது புலிமியா (அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு அதை வெளியேற்றும் நோய்) உள்ளவர்கள் ஹிப்னாடிசத்துக்கு நன்றாக உட்பட்டார்கள். அனோரெக்ஸியாவில் சாப்பிட்டதை வெளியேற்றுகிறவர்களைவிட, வெறுமனே சாப்பாட்டைக் குறைக்கிறவர்கள் குறைவாகவே உட்பட்டார்கள். என் மகள் இந்தக் கடைசி வகை.

அப்புறம் பட்டினி கிடந்த மூளை என்று ஒன்று இருக்கிறது. 1944-45-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆரோக்கியமான ஆண்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார். மன நோய் எதுவும் இல்லாமல் வந்தவர்கள், எடை குறையக் குறைய எரிந்து விழுந்தார்கள், ஆட்களிடமிருந்து ஒதுங்கினார்கள், எந்நேரமும் சாப்பாட்டையே நினைத்தார்கள், தட்டில் உள்ளதைப் பிய்த்துப் பிய்த்து நேரத்தைக் கடத்தினார்கள். இதை டாக்டர் விளக்கியபோதுதான் ஒரு தோசையோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கும் என் பிள்ளை எனக்குப் புரிந்தாள். அவளுடைய குணமாக நாங்கள் நினைத்ததில் பாதி பட்டினியின் வேலை. அந்த மூளையிடம் எவ்வளவு நயமாகப் பேசினாலும் முதலில் அதற்குச் சோறு போய்ச் சேர வேண்டும்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்விதான்: அடுத்த வேளை தட்டு வைக்கும்போது பக்கத்தில் யார் இருப்பார்? ஹிப்னோதெரபி வாரத்தில் ஒரு மணி நேரம். மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு தடவை ஏதாவது கொறிக்க என்று வைத்துக்கொண்டால்கூட வாரத்துக்கு 35 தடவை அவள் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார வேண்டும், 35 தடவையும் அந்தப் பயம் புதிதாக வரும். அந்த ஒரு மணி நேரத்தில் எவ்வளவு நல்ல விதையைப் போட்டாலும் மீதி நாளெல்லாம் நோய்தான் அவள் காதருகே இருக்கிறது. வீட்டில் கேட்க ஒரு ரெக்கார்டிங் கொடுப்பார்கள், நல்லதுதான், ஆனால் தட்டில் மிச்சம் இருப்பதை ரெக்கார்டிங் பார்க்காது, "இன்னும் ஒரு வாய் மக்ளே" என்று சொல்லாது. மைனி சொன்ன இடத்துக்குப் போன் போட்டு, சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் என்ன செய்யணும் என்று கேட்டேன். நீங்கள் சாப்பாட்டைப் பற்றிப் பேசாமல் இருந்தாலே போதும், மற்றது தானாக மாறும் என்றார்கள். எடை கீழே போய்க்கொண்டே இருக்கும் பிள்ளையைத் தானாக மாறும் என்று விட்டுவிட எனக்குத் தைரியம் இல்லை.

எஃப்பிடி பிடித்துக்கொண்டது சரியாக இந்த இடத்தைத்தான். 1980-களில் லண்டனின் மோட்ஸ்லி மருத்துவமனையில் உருவான முறை இது, 2001-ல் ஜேம்ஸ் லாக்கும் டேனியல் லெ கிரேஞ்சும் கையேடாக எழுதினார்கள். முதல் கட்டத்தில் என்ன, எவ்வளவு, எப்போது என்பதெல்லாம் தாய் தகப்பன் பொறுப்பு. எடை தேறத் தேற அந்தப் பொறுப்பைப் பிள்ளையிடம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுப்பது இரண்டாம் கட்டம். வயசுக்குரிய மற்ற விஷயங்களைப் பேசுவது கடைசியில். 2010-ல் வந்த ஆய்வில் 121 வளரிளம் பிள்ளைகள். சிகிச்சை முடிந்து ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது எஃப்பிடி எடுத்தவர்களில் 49 சதவீதம் பேர் முழுசாகத் தேறியிருந்தார்கள், பிள்ளையோடு மட்டும் தனியாகப் பேசும் சிகிச்சையில் 23 சதவீதம். பாதிப் பேர்தான் என்று சோர்வாக இருக்கும், எனக்கும் இருந்தது, ஆனால் ஹிப்னாடிசத்துக்கு இந்த நோயில் இவ்வளவு உறுதியாக ஒப்பிட்டுப் பார்த்த கணக்கு எனக்குத் தெரிந்து இல்லை, பெரும்பாலும் ஒவ்வொரு நோயாளியைப் பற்றிய குறிப்புகள்தான். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2017-ல் கொடுத்த வழிகாட்டுதலும் பிள்ளைகளுக்கு முதலில் குடும்பச் சிகிச்சையைத்தான் சொல்கிறது.

வீட்டில் இது எப்படி நடந்தது என்று கேட்டால், மரச்சீனியும் மீன்கறியும், தேங்காய் அரைத்த குழம்பு, புட்டுக்கு ஏத்தம்பழம் என்று முன்பு அவள் ஆசையாகத் தின்றதையே எண்ணெய், தேங்காய் குறைக்காமல் வைத்தோம், முடிக்கும் வரை ஒரு ஆள் கூட உட்கார்ந்தோம். மிரட்டக் கூடாது, கெஞ்சவும் கூடாது. "இது உனக்கு மருந்து மக்ளே, அம்மை இங்கதான் இருக்கேன்" என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். தட்டு பறந்த நாள் உண்டு, அம்மையே வேண்டாம் என்று கதறிய நாள் உண்டு. தவக்காலம் வந்ததும் ஒருசந்தி என்கிற விரதம் இருக்கிறேன் என்று ஆரம்பித்தாள். பங்குச் சாமியாரிடம் விஷயத்தைச் சொன்னோம், உடம்பு சரியில்லாதவர்களுக்கு அந்தக் கடமை கிடையாது என்று அவரே அவளிடம் பேசினார். அவள் அப்பா வளைகுடாவில் வேலை பார்க்கிறார், ராத்திரி வீடியோ காலில் அவரும் தட்டோடு உட்கார்ந்துவிடுவார். மதியம் பள்ளிக்கூடத்துக்கு என் தங்கச்சி போனாள். கல்யாண வீடுகளில் "மெலிஞ்சு அழகாயிட்டா" என்று சொன்ன சொந்தக்காரர்களிடம் என் மாமியார் நேராகவே போய், பிள்ளையின் உடம்பைப் பற்றி நல்லதும் பேசாதீங்க, கெட்டதும் பேசாதீங்க என்று சொல்லிவிட்டார்கள்.

இவ்வளவு ஆள் எல்லா வீட்டிலும் இருக்காது. காலையில் அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்குப் போய் அந்திக்குத் திரும்பும் ஒரு தாய் தனியாளாக இதைச் செய்ய முடியாது, அவளைக் குறை சொல்லவும் கூடாது. குடியும் அடியும் உள்ள வீட்டிலும் இது நடக்காது. அப்படிப்பட்ட இடத்தில் பிள்ளையோடு தனியாகச் செய்யும் சிபிடி என்கிற, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சையைப் பற்றியோ, கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில் சேர்ப்பதைப் பற்றியோ டாக்டரிடம் பேசலாம். அவை எங்களுக்குத் தேவைப்படவில்லை, அதனால் அனுபவமாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

ஹிப்னாடிசம் எங்கள் வீட்டுக்கு வந்தது எடை தேறிய பிறகுதான். பந்தியில் நாலு பேர் நடுவே உட்காரும்போது வரும் நடுக்கத்துக்கும், ரெண்டு வாய்க்குள் வயிறு வெடிக்கப் போகிற மாதிரி வரும் உணர்வுக்கும் எங்கள் சைக்காலஜிஸ்ட் அதைச் சேர்த்துக்கொண்டார். மகளுக்கு அது பிடித்தது, இப்போதும் தானாகவே செய்கிறாள். நடுக்கம் குறைந்தது அதனாலா, உடம்பு தேறியதாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

சாப்பிட மறுக்கும் நோயில் ஆர்ஃபிட் என்று இன்னொரு வகை உண்டு, 2013-லிருந்து தனி நோயாகக் கணக்கில் எடுக்கிறார்கள். அதில் பருத்துவிடுவோம் என்ற பயம் கிடையாது. மீன்முள் தொண்டையில் சிக்கிய பிறகு எதையும் விழுங்கப் பயப்படும் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளைக்குப் பயம் போகணும் என்ற ஆசை இருக்கும், அதனால் ஹிப்னோதெரபி அங்கே கூடுதலாக உதவலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் தெருவில் ஒரு சின்னப் பையனைத் தவிர நான் யாரையும் பார்த்ததில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஹிப்னோதெரபிக்குத்தான் போகிறீர்கள் என்றால், அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா, அல்லது மனநல டாக்டரா, பிள்ளையின் எடையையும் நாடியையும் பார்க்கும் டாக்டரோடு பேசுவாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். எந்த வழியானாலும் மயங்கி விழுந்தாலோ, சும்மா இருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 50-க்குக் கீழே போனாலோ வேறு யோசனை வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி. ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்புக்கு நாமாகவே திடீரென்று நிறையக் கொடுத்தாலும் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயத்துக்கு ஆபத்தாகலாம், அதனால் ஆரம்ப நாட்களில் ரத்தப் பரிசோதனையோடு டாக்டர் சொல்கிற அளவில்தான் கூட்ட வேண்டும். யாரிடம் போவது என்றே தெரியாவிட்டால் அரசின் டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.