தில்லி ஹாட்டா, சூரஜ்குண்ட் மேளாவா?

டெல்லியில் கைவினைப் பொருள் வாங்க எங்கே போகலாம் என்று கேட்டால், முதலில் ஐ.என்.ஏ. பகுதியில் இருக்கும் தில்லி ஹாட்டைத்தான் சொல்வேன். 1994-இல் திறக்கப்பட்ட சந்தை, வருடம் முழுக்க உண்டு, ஐ.என்.ஏ. மெட்ரோ நிலையத்தில் இறங்கி மேலே ஏறினால் வாசல். கைவினைஞர்கள் சுமார் 15 நாளுக்கு ஒரு முறை மாறுவார்கள். அதனால் எப்போது போனாலும் புதுச் சரக்கு. பீகாரின் நாட்டுப்புற ஓவியமான மதுபனி வரையும் ஒரு பெண்மணி மூங்கில் குச்சியை மையில் தொட்டு, மீனின் செதில்களை ஒவ்வொன்றாக வரைந்ததை அரை மணி நேரம் நின்று பார்த்தேன். வாங்காமல் வர மனமே இல்லை. அப்புறம் சாப்பாடு: பீகார் கடையில் லிட்டி சோக்கா (சத்துமாவு அடைத்துச் சுட்ட கோதுமை உருண்டையும் காய்கறி மசியலும்), நாகாலாந்து கடையில் மூங்கில் குருத்து போட்ட பன்றிக்கறி. இரண்டையும் விடாதீர்கள்.

டெல்லியை ஒட்டிய ஃபரிதாபாத்தில் நடக்கும் சூரஜ்குண்ட் மேளா என்ற கைவினைத் திருவிழா 1987-இல் தொடங்கியது, வருடத்துக்கு ஒரு முறை, பெரும்பாலும் பிப்ரவரியில்தான் நடக்கும். ஏதாவது ஒன்றிரண்டு மாநிலங்களைக் கருப்பொருளாக வைத்து அலங்கரிப்பார்கள், வெளிநாட்டுக் கலைஞர்களும் வருவார்கள். நாட்டுப்புற ஆட்டம், மேளச் சத்தம் எல்லாம் இங்கேதான் களைகட்டும். ஆனால் கூட்டத்தில் நெசவாளரிடம் நிதானமாக நாலு வார்த்தை பேச முடியாது. குழந்தைகளோடு போவதென்றால் சூரஜ்குண்ட் சரி, அதுவும் வார நாளில், காலையிலேயே.