டொமைன் எடுத்துத் தருகிறோம் என்றால், யார் பெயரில் என்று முதலில் கேளுங்கள்

ஹட்டன் பக்கம் தோட்டப் பிள்ளைகளுக்கு உயர்தர வகுப்பு நடத்தும் சிறிய சங்கம் எங்களுடையது. கணக்கு வழக்கு என் பொறுப்பு. இணையத்தளம் செய்ய டவுனில் ஒரு கடைக்குப் போய், டொட் ஓர்க் (.org) என்று முடியும் டொமைன், அதாவது இணைய முகவரி, வேண்டும் என்றோம். “அது அமெரிக்காவில் பதிந்த அமைப்புகளுக்குத்தான் அண்ணே” என்று சொல்லி, புதிதாக வந்த வேறொரு பின்னொட்டில் முடியும் முகவரியை 900 ரூபாவுக்குத் தந்தார்கள். நம்பிவிட்டோம்.

அது சுத்தப் பொய். டொட் ஓர்க் 1985இலிருந்து இருக்கிறது. எந்த நாட்டில் இருப்பவரும் எடுக்கலாம், பதிவுச் சான்றிதழ்கூடத் தேவையில்லை. (அதனாலேயே டொட் ஓர்க் என்று முடிவதை மட்டும் பார்த்து யாருக்கும் நன்கொடை அனுப்பிவிடாதீர்கள்.)

அடுத்த வருடம் புதுப்பிக்க 16,500 ரூபா கேட்டார்கள். முதல் வருட விலை வெறும் சலுகையாம். சரி, வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்கிறோம், அப்படி மாற்றத் தேவையான இரகசியக் குறியீட்டைத் தாருங்கள் என்றோம். அப்போதுதான் தெரிந்தது, டொமைன் சங்கத்தின் பெயரிலேயே இல்லை, கடையின் பெயரில் இருக்கிறது. குறியீட்டுக்குத் தனியாக 40,000 கேட்டார்கள். பேசிப் பேசி நாள் போனது, டொமைன் காலாவதியானது. அதன்பிறகும் பணம் கட்டி மீட்கச் சில வாரம் அவகாசம் உண்டு. ஆனால் உரிமையாளர் நாங்கள் இல்லையே.

தளத்தோடு மின்னஞ்சலும் நின்றது. புலமைப்பரிசில் விண்ணப்பங்களில் பிள்ளைகள் அந்த முகவரியைத்தான் எழுதியிருந்தார்கள். மழையில் லயம் லயமாக ஏறி இறங்கிப் புது முகவரி எழுதிக் கொடுத்தோம். இரண்டு பிள்ளைகளுக்கு வந்த பதில் எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. அதுதான் மனதை அறுக்கிறது.

இப்போது டொட் ஓர்க் எடுத்திருக்கிறோம். டொமைன் விற்கும் நிறுவனத்தின் தளத்தில் கணக்கைத் திறந்ததும் நாங்களே, உரிமையாளர் இடத்தில் இருப்பதும் சங்கத்தின் பெயர்தான். கடவுச்சொல் தலைவர், செயலாளர் இருவரிடமும் இருக்கிறது. புதுப்பிக்கச் சொல்லி அறிவித்தல் வரும் மின்னஞ்சலை அதே டொமைனில் வைக்காதீர்கள். டொமைன் நின்றால் அதுவும் நின்றுவிடும். வாங்கும் முன் இரண்டாம் வருட விலையைக் கேளுங்கள். டொமைன் யார் பெயரில் என்று இணையத்தில் தேடிப் பார்த்தால் பல நேரம் உரிமையாளர் விவரம் மறைத்துத்தான் இருக்கும், ஆகவே கணக்குக்குள் நீங்களே நுழைந்து பாருங்கள். நுழைய விடாத கடையில் காசு கட்டாதீர்கள்.

பழைய முகவரி அச்சடித்த கடிதத்தாள் இரண்டு கட்டு மிச்சம் இருக்கிறது. பின்பக்கத்தில் பிள்ளைகள் கணக்குப் போடுகிறார்கள்.