குழியை மூட எவ்வளவு மண்: குறுக்குவெட்டா, கணினிப் பரப்பா?

திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தை மூடி நிலத்தைச் சீரமைக்கும் திட்டத்தில், இத்தனை லட்சம் கன மீட்டர் மண்ணை நகர்த்த வேண்டும் என்று ஓர் எண் இருக்கும். புல்டோசர் ஓடும் நேரம், நிறுவனம் கட்டவேண்டிய பிணைத்தொகை எல்லாமே அதைப் பொறுத்தவை. அதைச் சரிபார்க்க முக்கியமாக இரண்டு வழிகள்.

பழைய வழி குறுக்குவெட்டு: நிலத்தைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் செங்குத்தாக வெட்டியதுபோல் வரைந்து, அள்ளவோ நிரப்பவோ வேண்டிய பரப்பை ஒவ்வொரு வெட்டிலும் அளப்பது. அடுத்தடுத்த இரண்டு வெட்டுகளின் பரப்பைக் கூட்டி, பாதியாக்கி, இடைத்தூரத்தால் பெருக்க வேண்டும். கால்குலேட்டர் போதும், ஒவ்வொரு படியும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் குவியல் கூம்பி முடியும் இடத்தில் கணக்கு ஊதிவிடும். ஒரு வெட்டில் 300 சதுர மீட்டர், 30 மீட்டர் தள்ளி பூஜ்யம் என்றால் விடை 4,500 கன மீட்டர். கூம்பாகச் சரிந்திருந்தால் உள்ளதோ 3,000தான். நடுவெட்டையும் சேர்க்கும் பிரிஸ்மாய்டல் சூத்திரம் (நடுப்பரப்பு 75) சரியாக 3,000 தரும்.

இதைவிட மோசமான பொறி ஒன்று உண்டு. கழிவுமண் வரிசை வரிசையாக மேடுகட்டிக் கிடக்கும். அந்த மேடுகளுக்கு இணையாக, அதே இடைவெளியில் வெட்டு எடுத்தால் ஒவ்வொரு வெட்டும் முகட்டிலேயே விழக்கூடும். அப்போது பள்ளங்கள் கணக்கில் இருக்கவே இருக்காது. மேடுகளுக்குக் குறுக்கேதான் வெட்ட வேண்டும்.

கணினி வழியில், இப்போதைய தரையையும் திட்டமிட்ட தரையையும், புள்ளிகளை இணைத்த முக்கோண வலைப் பரப்புகளாக்கி ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கிறோம். பரந்த நிலத்துக்கு இதுதான் வசதி, துல்லியமும் கூடுதல். ஆனால் செங்குத்துச் சுவரின் மேல்விளிம்பையும் அடிவிளிம்பையும் கோடாகக் கொடுக்காவிட்டால், முக்கோணங்கள் சுவரைத் தாண்டிச் சரிவாகப் படுத்துவிடும். ட்ரோன் சர்வேயில் உயரம் முழுக்க 10 செ.மீ. தவறினால், 40 ஹெக்டேரில் அதுவே 40,000 கன மீட்டர். திரையில் வண்ணப்படம் மட்டும் அழகாகவே இருக்கும்!

டிப்பர் நடைகளை எண்ணுவதைச் சரிபார்ப்பு என்றே நான் சொல்லமாட்டேன். தோண்டிய மண் உப்பும், கொட்டியபின் அமுங்கும். எந்த நிலையில் அளந்த கன மீட்டர் என்று தெரியாமல் அதை எதோடு ஒப்பிடுவது?

என் தேர்வு: தாக்கல் செய்த கணக்கு கணினியில் போட்டதாக இருந்தால், மண் அதிகம் நகரும் இடத்தில் ஐந்தாறு குறுக்குவெட்டு எடுத்து அந்தத் துண்டை மட்டும் கையால் போட்டுப் பார்ப்பேன். குறுக்குவெட்டில் வந்த கணக்கானால் கணினிப் பரப்பில் முழுவதையும் ஓட்டுவேன். அதே முறையை இரண்டாம் முறை ஓட்டினால் அதே தவறுதான் திரும்பக் கிடைக்கும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. யாரும் கைவைக்காத வெளிநிலத்தில் இரண்டு பரப்புகளையும் கழித்துப் பார்ப்பேன். அங்கே பூஜ்யத்தை ஒட்டி வராவிட்டால் உள்ளே உள்ள எண்ணைப் படிக்கவே மாட்டேன். சர்வேயைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.