செருயோட்டா, கிப்யெகோனா?

2016 ரியோ ஒலிம்பிக்கில் ஓடுபாதைப் போட்டிகளில் கென்யப் பெண்கள் இருவர் தங்கம் வென்றார்கள். 1500 மீட்டரில் ஃபெய்த் கிப்யெகோன், 5000 மீட்டரில் விவியன் செருயோட். யார் பெரியவர் என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை.

எண்களைப் பார்த்தால் கிப்யெகோன் எட்டாத உயரத்தில் இருக்கிறார். ரியோ, டோக்கியோ, பாரிஸ் என ஒரே ஓட்டத்தில் தொடர்ந்து மூன்று தங்கம். 2023 ஜூன் 2 அன்று ஃப்ளோரன்ஸில் 1500 மீட்டரை 3:49.11-இல் முடித்து, 3:50-க்குக் கீழே ஓடிய முதல் பெண்ணானார். ஒரே வாரத்தில் பாரிஸில் 5000 மீட்டர் உலக சாதனை, ஜூலையில் மொனாக்கோவில் மைல் சாதனை. 2025-இல் 1500 மீட்டர் சாதனையை 3:48.68 ஆக்கினார்.

செருயோட்டின் பெருமை வேறு வகை. பதினேழு வயதில் சிட்னி ஒலிம்பிக்கில் ஓடியவருக்குத் தங்கம் கிடைக்கப் பதினாறு ஆண்டுகள் ஆயின. அந்த ரியோ இறுதிப் போட்டியை மறக்கவே முடியாது. எத்தியோப்பியாவின் அல்மாஸ் அயானா வெகுதூரம் முன்னால் போய்விட்டார். பதறாமல் இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசிச் சுற்றுகளில் அவரைக் கடந்தார் செருயோட். நேரம் 14:26.17, ஒலிம்பிக் சாதனை. பிறகு சாலைக்கு மாறி 2018 லண்டன் மாரத்தானையும் வென்றார்.

இருவருமே தாயான பிறகு திரும்பி வந்து உலகப் பட்டம் வென்றவர்கள்.

வேகத்துக்கு கிப்யெகோன்தான், சந்தேகமில்லை. ஆனால் ஓடுபாதையிலும் சாலையிலும் ஒருசேர ஜொலித்தவர் என்று கேட்டால், நான் செருயோட்டைத்தான் சொல்வேன்.