கொலுசு சுற்றிய பூனையும் பை மாட்டிய பூனையும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் கொலுசுப் பட்டறைக்கு ஒரு மஞ்சள் பூனை வந்துபோகும். ஒருமுறை அக்கா மகள் விளையாட்டாக அதன் இடுப்பில் சலங்கைக் கொலுசு ஒன்றைச் சுற்றிவிட்டாள். பூனை ஒரு கணம் நின்றது. பிறகு காலில் உயிரே இல்லாததுபோல் பக்கவாட்டில் சாய்ந்தது. கழற்றிய பிறகுதான் எழுந்தது.

‘ஸ்ட்ரே’ வீடியோ கேமில் பூனையின் முதுகில் முதன்முதலாகப் பையை மாட்டும்போது அதே காட்சி. தொப்பென்று சரிகிறது, எழுந்து, வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு பம்மிப் பம்மி நடக்கிறது. செய்தவர்கள் பூனையோடு குடித்தனம் நடத்தியவர்கள்தான்.

பிரான்சின் ப்ளூட்வெல்வ் ஸ்டுடியோ உருவாக்கி, 2022இல் வெளிவந்தது இது. அக்கா வீட்டு பிளேஸ்டேஷன் 5இல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்தேன். மொத்தம் ஆறு மணி நேரம் இருக்கும். பக்கத்தில் அம்மா, நடுவில் தட்டைகளுக்கு இடையே பீட்ரூட் துருவலும் சட்னியும் வைத்த தட்டு வடை செட். பீட்ரூட் கையோடு கன்ட்ரோலரைத் தொட்டதற்கு அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

கூட்டத்தைப் பிரிந்த பூனை, மேலே மூடிபோட்ட ஒரு நகரத்துக்குள் விழுந்துவிடுகிறது. அங்கே மனிதர்கள் இல்லை, ரோபோக்கள்தான். ஹாங்காங்கில் 1990களில் இடிக்கப்பட்ட கௌலூன் மதில் நகரத்தை மனத்தில் வைத்து உருவாக்கியது என்பதால், சந்துக்குச் சந்து ஒயரும் குழாயும் தொங்குகின்றன. ரோபோக்களின் மொழி பூனைக்குப் புரியாது; பி-12 என்ற குட்டி ட்ரோன் மொழிபெயர்க்கிறது. அது ஆங்கிலத்தில் சொல்வதை நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். ஆக, பூனைக்கு ஒரு பி-12, அம்மாவுக்கு ஒரு பி-12.

பின்னல் போடும் ரோபோ பாட்டி ஒருவர் மின்கம்பி கேட்கிறார். நான் கதையைத் தொடரப் பார்த்தேன். “முதலில் அந்தக் கிழவிக்கு ஒயர் கொண்டுபோய்க் கொடுடா,” என்றார் அம்மா. அதற்கு, மாடியில் பெயின்ட் டப்பா வீசிக்கொண்டிருக்கும் இருவரைக் கத்தித் திடுக்கிட வைக்க வேண்டும். டப்பா சலவைக்கடை வாசலில் விழும். கடைக்காரர் வெளியே வந்ததும் உள்ளே நுழைந்து சலவைத்தூளைத் திருடி, அதைக் கொடுத்து ஒயர் வாங்க வேண்டும். அம்மா வாய்விட்டுச் சிரித்தது இங்கேதான்.

வட்டப் பொத்தானை அழுத்தினால் ‘மியாவ்’. கன்ட்ரோலரிலிருந்தே சத்தம் வருகிறது. சோபாவைப் பிறாண்ட இரு பக்க விசைகளையும் மாறிமாறி இழுக்க வேண்டும். நகம் துணியில் மாட்டுவதுபோல் விரலில் இறுக்கம் தெரிகிறது.

எனக்குப் பிடிக்காதது தாவல். திரையில் குறி தோன்றும் இடத்துக்கு மட்டுமே தாவ முடியும். தவறி விழவே முடியாது. மழைக்காலத்தில் எங்கள் ஓட்டுக்கூரையில் வழுக்கி, யாரும் பார்க்கவில்லையே என்று முதுகை நக்கிக்கொள்ளும் பூனை இதில் இல்லை. ஸர்க் என்ற பூச்சிக்கூட்டத்தை ஊதா ஒளியால் சுடும் பகுதியும் வீண். சுடுவதற்கு ஆயிரம் விளையாட்டு இருக்கிறது, பூனை எதற்கு?

முடிவைச் சொல்லப்போவதில்லை. ஆனால் தொடக்கத்தில் மேலே நின்றுவிட்ட மூன்று பூனைகளைப் பற்றி அம்மா இன்னும் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.