கடன் செயலி ஒன்று: பணம் வந்த வேகம் சரி, கணக்குதான் இடிக்கிறது

அக்கா தையல் மெஷின் வாங்க ஒரு செயலியில் 20,000 ரூபாய் கடன் எடுத்தாள், ஃபோனில் விவரம் எல்லாவற்றையும் தட்டச்சு செய்தது நான். பெயர் வேண்டாம். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்: டீ ஆறுவதற்குள் பணம் அவள் வங்கிக் கணக்குக்கே வந்துவிட்டது, ஃபோனில் உள்ள நம்பர்கள், போட்டோக்களைப் பார்க்க அனுமதியும் கேட்கவில்லை (ரிசர்வ் வங்கி 2022-லேயே அதற்குத் தடை போட்டாயிற்று, இன்னும் கேட்கிற செயலி இருந்தால் அப்போதே அழித்துவிடுங்கள்).

வட்டிக்கு வருவோம். முகப்பில் கொட்டை எழுத்தில் ‘மாதம் 2%’ என்று போட்டிருக்கிறார்கள், வருஷத்துக்கு 24 தானே என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அது ஃப்ளாட் வட்டி, மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் கடைசி வரை முழு 20,000-க்கும் வட்டி ஓடும். அப்புறம் செயலாக்கக் கட்டணம் 1,000, அதற்கு ஜிஎஸ்டி 180 என்று முதலிலேயே பிடித்துக்கொண்டு கையில் தந்தது 18,820. ஆறு மாதத் தவணை, மாதம் 3,733. எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் வருடாந்திர விகிதம் 62 சதவீதத்தைத் தாண்டுகிறது!

மறைத்தார்கள் என்று சொல்ல முடியாது. வட்டி, கட்டணம் எல்லாவற்றையும் சொல்லும் ‘முக்கிய விவர அறிக்கை’யில் அந்த எண் இருக்கிறது, கொடுத்தே ஆகவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்கவேண்டும் என்பதும் அதே விதிதான், இவர்கள் கொடுத்ததோ முழுக்க ஆங்கிலம், அக்கா படித்தது தமிழில் எட்டாவது வரை. வருமானம் எவ்வளவு, வேறு தவணை ஏதும் கட்டுகிறீர்களா என்று ஒரு கேள்வி இல்லை, வருமானம், தொழில் விவரங்களைக் கேட்டுத்தான் கடன் தரவேண்டும் என்று விதி இருந்தும். எனக்கு இதுதான் பெரிய குறை, ஏனென்றால் ஆஸ்பத்திரி செலவுக்கு அலைகிற ஆள் இதைவிட அவசரமாக ‘சம்மதம்’ பட்டனை அழுத்துவார்.

வாங்கிய கடன் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க குறைந்தது ஒரு நாள் அவகாசம் உண்டு, அபராதம் கிடையாது, அதுவரையிலான வட்டியோடு அசலைக் கட்டினால் போதும், செயலாக்கக் கட்டணத்தை மட்டும் பிடித்துக்கொள்ளலாம். செயலியில் இதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அந்த அவகாசமே போய்விடும்.

எடுப்பதற்கு முன் பின்னணியில் இருக்கும் நிதி நிறுவனத்தின் பெயரைப் பாருங்கள், இப்படிப்பட்ட நிறுவனங்களின் கடன் செயலிகளின் பட்டியல் 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கித் தளத்திலேயே இருக்கிறது. வசூல் ஆட்கள் காலை 8-க்கு முன்னும் மாலை 7-க்குப் பின்னும் கூப்பிடக் கூடாது. தமிழில் அறிக்கை கேட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதியிருக்கிறேன், 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் (புகார்களை விசாரிக்கும் அதிகாரி) போவேன், அதற்குக் கட்டணம் இல்லை.

இப்போதைக்கு ரெண்டு ஸ்டார்.