4 ஜிபி பழைய கம்ப்யூட்டரில் எஸ்.கியூ.எல். சர்வர் எக்ஸ்பிரஸ் 2019: கடைக்குத் தாங்குமா?

காலையில் பறக்கும் பில், பின்னேரம் ஆக இழுபடும். கல்முனையிலோ காத்தான்குடியிலோ பழைய டெஸ்க்டொப்பில் கடை நடத்துபவர்களிடம் அடிக்கடி கேட்கிற முறைப்பாடு இது. பில் சொப்ட்வெயார்காரரோடு சண்டைக்குப் போகமுதல், அதற்கு அடியில் ஓடி, பில் விபரத்தையெல்லாம் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ் சொப்ட்வெயாரான எஸ்.கியூ.எல். சர்வர் எக்ஸ்பிரஸைப் பாருங்கள். சாமான் நல்லது. இலவசம். ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபி வரை வளரலாம். பாமசிக்கும் ஹார்ட்வெயார் கடைக்கும் அது தாராளம். பிழை, இன்ஸ்டோல் பண்ணியபடியே விட்டுவிடுவதில்தான்.

படித்த டேட்டாவை ரேமிலேயே வைத்துக்கொள்வது இதன் சுபாவம். டேட்டா கேஷுக்கு மட்டும் 1410 எம்பி வரை எடுக்கும். மற்ற வேலைகளுக்கு எடுப்பது அதற்கு மேலே. விண்டோஸ் நெருக்கினால் ஒழிய எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காது. வைரஸும் இல்லை, மெமரி லீக்கும் இல்லை. ஆனால் 4 ஜிபியில் விண்டோஸ் 10, பிரவுசர், இது மூன்றும் சேர்ந்தால், ரேமில் இடம் போதாததை விண்டோஸ் பேஜ் பைலுக்கு, அதாவது டிஸ்க்கில் உள்ள மாற்று இடத்துக்கு, தள்ளத் தொடங்கும். பழைய ஹாட் டிஸ்க் என்றால் டாஸ்க் மெனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் குந்திவிடும்.

எக்ஸ்பிரஸை நிர்வகிக்கும் சொப்ட்வெயாரான மெனேஜ்மென்ட் ஸ்டூடியோவில் சர்வர் பெயரை ரைட் கிளிக் செய்து ப்ரொப்பர்ட்டீஸ், மெமரி என்று போங்கள். மேக்சிமம் சர்வர் மெமரியில் 2147483647 என்று கிடக்கும். இந்த இடத்தில் வரம்பு போடவில்லை என்று அர்த்தம். அதை 1024 (எம்பி) ஆக்குங்கள். ரீஸ்டார்ட் தேவையில்லை. ஆசையில் 256க்கு இறக்கினால் வருட முடிவு ரிப்போர்ட் எடுக்கும்போது 701 என்ற எரர் வந்து நிற்கும். வேலை முடிந்ததும் ஸ்டூடியோவை மூடிவிடுங்கள், அதுவே நல்ல தீனிக்காரன்.

அடுத்தது ஓட்டோ குளோஸ். எக்ஸ்பிரஸில் உருவாக்கும் டேட்டாபேஸுக்கு இது தானாகவே ஒன் ஆகி இருக்கும். கடைசிக் கனெக்ஷன் விட்டதும் டேட்டாபேஸை மூடி, கேஷில் சேர்த்ததையும் கொட்டிவிடும். அடுத்த பில்லுக்கு எல்லாம் திரும்ப டிஸ்க்கில் இருந்து. ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் லொக்கைத் திறந்து பாருங்கள்: 17137 என்ற எண், அதே டேட்டாபேஸ் பெயரோடு, சில நிமிடத்துக்கு ஒருக்கா வரிசையாக நின்றால் இதுதான் சங்கதி. டேட்டாபேஸின் ஒப்ஷன்ஸ் பக்கத்தில் ஓட்டோ குளோஸை போல்ஸ் (False) ஆக்கினால் சரி.

பில்லுக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, விரல் அடையாள மெஷினுக்கு ஒன்று என்று ஒவ்வொருவரும் தனித்தனி இன்ஸ்டன்ஸ், அதாவது தனியாக ஓடும் எக்ஸ்பிரஸ், போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். மேலே சொன்ன மெமரி வரம்பு ஒவ்வொன்றுக்கும் தனி. சேவிசஸில் பார்த்து, பாவிக்காததை நிறுத்துங்கள்.

ரேம் கூட்டுவதென்றால் மதர்போர்டின் வகையைப் பார்த்து வாங்குங்கள். எச்61 போர்ட் 8 ஜிபி டிடிஆர்3 வகை ரேம் குச்சியை ஏற்கும். ஜி41 போர்டில் டிடிஆர்3 என்றால் 4 ஜிபிக் குச்சியில் 16 சிப் இருக்கவேண்டும். 8 சிப் உள்ளது பெரும்பாலும் பிடிக்காது. மலிவாகக் கிடைக்கும் 4 ஜிபி டிடிஆர்2 குச்சிகளில் பல ஏஎம்டி போர்டுக்கு மட்டும் செய்தவை. பழைய குச்சியைப் போட்டதும் பீப் அடித்தால் உடனே எறியாதீர்கள். கடற்காற்று படுகிற இடத்தில் குச்சியின் காலில் (ஸ்லொட்டைத் தொடும் முனைகளில்) களிம்பு பிடித்திருக்கும். பென்சில் அழிறப்பரால் தேய்த்துவிட்டுப் போடலாம். குச்சி வேலை செய்தாலும், விண்டோஸ் மெமரி டயக்னொஸ்டிக் ஓட்டிப் பார்க்காமல் பில்லுக்கு விடவேண்டாம். குறைந்த ரேம் வேலையைப் பிந்தவைக்கும், பழுதான ரேம் டேட்டாபேஸையே கெடுக்கும்.

2 ஜிபி மெஷினில் எக்ஸ்பிரஸைப் போடுவது வீண். அதைப் பில் அடிக்க மட்டும் வைத்து, டேட்டாபேஸை உள்ளதில் நல்ல கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். எக்ஸ்பிரஸில், நெட்வேர்க்கில் மற்ற மெஷின் வரும் வழியான டிசிபி/ஐபி மூடியபடிதான் வரும். கொன்பிகரேஷன் மெனேஜரில் திறந்து, சேவிசை ரீஸ்டார்ட் பண்ணி, பயர்வோலிலும் வழி விட்டால்தான் மற்ற மெஷின் உள்ளே வரும்.